பதினொன்றாம் தேதித் தாள்

அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. 1971 டிசம்பர் ஆறு, திங்கட்கிழமை. மாலை ஆறு நாற்பது. அடையாறில் ஒரு மாடி வீடு. நான் மேஜைக்கு அடியில் கிடக்கிறேன். ஒரு கை என் தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அது ஹெலீனாவின் கை.

"யோவ் மாடி! லைட்டு எரிஞ்சிக்கினு கீது! அணை! இன்னா, காது கேக்கல?"

தெருவில் இருட்டடிப்புத் தொண்டர் கத்துகிறார். சன்னலில் ஒட்டிய கறுப்புத் தாள் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. தவழ்ந்து போய் விளக்கை அணைத்தது நான்தான். ஹெலீனா வெளியே வரவில்லை.

அது ஒத்திகை. பாகிஸ்தான் விமானம் ஒன்றும் வரவில்லை. கடைசிவரை சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. உங்களுக்கு என்ன போர், சங்குச் சத்தம்தானே என்று பின்னால் பலர் கேட்டார்கள். கேட்கட்டும். நான் எழுதி வைக்கிறேன்.

ஹெலீனா போலந்துக்காரி. அவள் கணவர் கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்த பொறியாளர். காய்கறி வாங்கும் அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் இருந்தது. மனதில் உள்ளதைச் சொல்லும் அளவுக்கு இல்லை. நான் மேற்கு மாம்பலம் வசந்தா. அப்போது இருபது வயது. பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம், பி.ஏ.வில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். வாரம் மூன்று மாலை அவளுக்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கப் போனேன். அவளைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தேன், அவ்வளவுதான்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்தான் எங்கள் நோட்டு. முன்பக்கம் தேதி, ராகு காலம். பின்பக்கம் நான் ஆங்கில வார்த்தையை எழுதுவேன். அடியில் அவள் பென்சிலால் போலிஷ் எழுதுவாள். அலமாரி, கதவு, அரிசி டப்பா, எல்லாவற்றிலும் ஒட்டினோம். பொறாமை. தயக்கம். இடிபாடு. நிலவறை. கடைசி இரண்டையும் கேட்டு வாங்கியது அவள்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று மேஜைக்கடியில் சொல்கிறாள். திக்கித் திக்கி, எங்கள் வார்த்தைகளை வைத்துக்கொண்டு. 1944. வார்சா. அவளுக்கு ஒன்பது வயது. தண்ணீர் பிடிக்க மேலே வந்தாள். ஒரு சத்தம். திரும்பினால் வீடு இல்லை. நிலவறையில் அம்மா. தம்பி யூரெக், ஐந்து வயது. அங்கே நிறுத்தினாள். வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். "எக்ஸ்பயர்ட்." எங்கள் ஊரில் சாவுக்கு மரியாதையான ஆங்கிலம் அதுதான். லீவு லெட்டரில் அதுதான். தந்தியில் அதுதான்.

அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். காலம் முடிந்தது என்றேன்.

ஒத்திகை முடிந்து விளக்கைப் போட்டேன். தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்துக் குறுக்கே அடித்தாள். தாள் கிழிந்தது.

"நோ. அவங்க காலம் முடியலை. கில்ட்."

கொல்லப்பட்டார்கள். அது மூன்றாம் பாடத்திலேயே வந்த வார்த்தை. டீச்சர் நான், திருத்துவது அவளா? சரியான எம்டன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸின் முகப்பு விளக்கில் பாதி கறுப்புப் பெயிண்ட். ஊர் மொத்தமும் ஊர்ந்துகொண்டிருந்தது.

என் அண்ணன் கதிரேசன் அப்போது கிழக்கு எல்லையில் சிப்பாய்.

டிசம்பர் பதினைந்து, புதன்கிழமை. காலை பத்தரை. சைக்கிள் மணி இரண்டு தடவை. தந்தி. எங்கள் தெருவுக்கே தந்தி படிப்பவள் நான். பிரிக்கிறேன். பதினொன்றாம் தேதி. கதிரேசன். கில்ட் இன் ஆக்ஷன். பட்டாளத்துக்காரன் பூசி மெழுகவில்லை. அம்மா என் வாயையே பார்க்கிறாள். போயிட்டான் என்று வருகிறது. தவறிட்டான் என்று வருகிறது. இரண்டையும் விழுங்கினேன்.

"அண்ணனைக் கொன்னுட்டாங்கம்மா."

அம்மா போட்ட சத்தம் சங்கைவிடப் பெரியது. இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மறுநாள் கிழக்கில் போர் முடிந்தது. தி. நகரில் மிட்டாய் கொடுத்தார்கள். வெடி வெடித்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். உடல் வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சித்தப்பா பத்திரிகை எழுதினார். "சிவலோக பதவி அடைந்தார்." எந்தக் கிழவர் செத்தாலும் எங்கள் வீட்டில் அதே வரி. அண்ணன் ஒரு பதவியும் கேட்கவில்லை. பொங்கலுக்கு லீவு கேட்டிருந்தான். அந்த வரியை அடித்தேன். "போரில் கொல்லப்பட்டார்" என்று எழுதினேன்.

"நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார் சித்தப்பா.

"நாலு பேருக்கும் தெரியட்டும் சித்தப்பா."

அச்சகத்துக்கு அப்பாவோடு போனேன். அச்சுக் கோப்பவர் தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். தலையைச் சொறிந்தார்.

"இன்னா தங்கச்சி, இப்டி எழுதிக்கீறே? சாவுப் பத்திரிகைல இந்த வார்த்தைய நான் கோத்ததே இல்ல. பட்ச்சா வயிறு கலங்கும்மா."

"கலங்கட்டும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜவுளிக்கடையில் துணி கிழித்தே வாழ்ந்த மனுஷன். வாடிக்கையாளரையோ தம்பியையோ ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"அவ எழுதினபடியே அடிங்க."

இரண்டு வீடுகளில் பத்திரிகையை வாங்காமல் திருப்பினார்கள். சித்தப்பா காரியத்தன்று வந்து பந்தியில் உட்காராமல் போனார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, காரிய நாள். பத்திரிகையையும், நான் மாற்றிய வார்த்தையைப் பற்றி ஒரு கடிதமும் அனுப்பியிருந்தேன்; ஹெலீனா வந்தாள். வெள்ளைப் பருத்திப் புடவை, கன்னாபின்னாவென்று கட்டியிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பத்திரிகையைக் காட்டி, எந்த வார்த்தை என்று கேட்டாள். விரல் வைத்தேன். பிறகு பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தாள். டிசம்பர் பதினொன்று, சனிக்கிழமை. அன்று எங்களுக்குப் பாடம் இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அதில் இருவரும் சேர்ந்து எழுதியது இது. அவள் போலிஷில், நான் தமிழில். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வார்சாவில், ஹெலீனாவின் அம்மா. தம்பி யூரெக், ஐந்து வயது. அதே நிலவறையில் அவளுக்குப் பெயர் தெரிந்த அண்டை வீட்டார் ஏழு பேர். பெயர் தெரியாத ஒரு கைக்குழந்தை. கிழக்கு எல்லையில், கதிரேசன், இருபத்து நான்கு வயது. அவனோடு போன கைக்கடிகாரம். பொங்கலுக்கு எனக்கு வாங்கி வருவதாக எழுதியிருந்த டிக்ஷனரி.

பதினோரு பேர். ஒருவருக்கும் காலம் முடிந்திருக்கவில்லை.