பல்லு பிடுங்கின அன்னிக்கு ஊர்க்கூட்டம்

...அதைத்தான் நானும் கேக்கறேன். கருங்கல்லு மாதிரி காஞ்ச கடமான் கறியை யாராவது வாயில போட்ட உடனே கடிப்பாங்களா? எங்க ஊர்ல பச்சப் புள்ளகூட முதல்ல கொஞ்ச நேரம் ஊற வைக்கும். நீங்க என்னடான்னா, கூட்டத்துக்கு முன்னாடி வெச்ச விருந்துல ஊரே பாக்குதேன்னு வீரமா ஒரே கடி! பல்லு ஒடஞ்ச சத்தம் மண்டபத்துல கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாமே... ஆ ஆ, பேசாதீங்க தம்பி. வாயைத் திறங்க. இன்னும். மைக்கைப் பாத்தா எப்படித் திறப்பீங்க? அப்படி!

மருந்து பிடிச்சிடுச்சா? தலையை மட்டும் ஆட்டுங்க. ஆங். இனிமே ஒண்ணும் தெரியாது. அமுக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலிச்சா கையைத் தூக்குங்க. பேசணும்னு தோணினா தூக்காதீங்க.

அந்தக் கறியைக் காய வெச்சது யாருன்னு நெனைக்கறீங்க? என் வீட்டுக்காரர்தான், ஆர்வில். உங்க மேல கோவத்துல கல்லாக்கிட்டாருன்னு நெனச்சிடாதீங்க. அவரு உங்க கட்சி! உங்க கேஸ் கம்பெனி குடுத்த தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழட்டறதில்ல. குளிக்கும்போது கழட்டறாரான்னு நான் போயிப் பாக்கல. மீன் ஆலையை மூடினதுல இருந்து மனுசன் படகை வித்துட்டு ஜன்னலோரமா உக்காந்திருந்தாரு. கடலைப் பாப்பாரு, டீயைக் குடிப்பாரு, மறுபடி கடலைப் பாப்பாரு. இப்ப என்னடான்னா, "வெர்னா, கேஸ் ஆலை வந்தா அவ்ளோ பெரிய கப்பலை இந்தக் குடாவுக்குள்ள யாருடி கூட்டிட்டு வருவா? இங்க தண்ணிக்கு அடியில இருக்கற ஒவ்வொரு பாறையும் எனக்கு மனப்பாடமாச்சே"ங்கறாரு. அப்ப அந்த முகத்தைப் பாக்கணுமே... எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஒரு முகம் வரல தம்பி. எனக்கே கொஞ்சம் வருத்தந்தான்.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ம்... அசையாதீங்க.

எம் பொண்ணு ஜொலீன் எதிர்க்கட்சி. கட்டில்ல விரிச்சிருந்த பூப்போட்ட நல்ல விரிப்பை எடுத்து "ஆத்தைத் தொடாதே"ன்னு செவப்பு பெயின்ட்ல எழுதி பாலத்துல தொங்க விட்டுட்டா. உங்க விமானம் தண்ணியில எறங்கும்போது பாத்திருப்பீங்களே, அது என்னுது. கப்பல் வந்து நிக்கற இடம், எண்ணெய் மீனு முட்டை விட வர்ற ஆத்து வாயிலதான்னு அவ சொல்றா. அதுவும் பொய்யில்ல. வசந்தத்துல அந்த மீனு வர்றப்ப ஆறே வெள்ளி மாதிரி நெளியும். அதை உருக்கி எடுக்கற நெய் இல்லன்னா எங்க பழங்குடி ஜனத்துக்கு எந்த விருந்தும் விருந்தில்ல.

இப்ப எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையக் கேளுங்க. அப்பனும் மகளும் நேரா பேசிக்கறதில்ல. நாந்தான் நடுவுல தபால்காரி. "உம் மககிட்ட சொல்லு, கேஸ் குழாய் மண்ணுக்கு அடியிலதான் போவுதுன்னு." "அப்பாகிட்ட சொல்லும்மா, மீனும் தண்ணிக்கு அடியிலதான் போவுதுன்னு." ரெண்டு பேரும் ஒருத்தர் காதுல ஒருத்தர் விழற தூரத்துலதான் உக்காந்திருக்காங்க! நான் திரும்பத் திரும்பச் சொல்லணும். உருளைக்கிழங்கு ஆறிப் போவுது. எனக்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல.

ம்ம்... கெட்டியா பிடிச்சிருக்கே... ம்... ஆங்! ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல. கண்ணை மூடிக்கோங்க. வாயை மூடிடாதீங்க. இன்னும் ஒரு வேர்த் துண்டு இருக்கற மாதிரி தெரியுது. பாக்கறேன்.

கோவிச்சுக்காதீங்க, உங்க கம்பெனியில இருந்து வர்ற மூணாவது ஆளு நீங்க. முதல்ல வந்தவரு எதைச் சொன்னாலும் கண்ணு கலங்குவாரு. அவருக்கு நாங்கதான் ஆறுதல் சொல்லி அனுப்பணும். ரெண்டாவது ஆளு எங்க பாஷையில வணக்கம் சொல்லக் கத்துக்கிட்டு வந்தாரு. பாவம், நாக்கு கொஞ்சம் புரண்டு, ஊர்த் தலைவரைப் பாத்து "உங்க நாய் வெந்துடுச்சா?"ன்னு கேட்டுட்டாரு. தலைவரு மரியாதைக்கு, "இன்னும் இல்லைங்க"ன்னாரு. அவங்க ரெண்டு பேரும் குடுத்த வாக்கை உங்ககிட்டக் கேட்டா, "அது எனக்குத் தெரியாதே"ங்கறீங்க. உங்களுக்கு அடுத்து வர்றவரும் அதையேதான் சொல்வாரு.

அது போவட்டும். எங்க வழக்கப்படி வந்த விருந்தாளி முதல்ல பேசணும். அப்புறம் ஒவ்வொரு குலத்து வீடும் எந்திரிச்சுப் பேசணும். கம்பெனிக்காரங்க நீங்க ஒவ்வொரு தடவையும் முதல்ல பேச ஆரம்பிக்கறீங்க. படம் காட்டறீங்க. அப்புறம் இன்னொரு படம். மூடுபனி எறங்கப் பாக்குது, விமானம் ஓட்டறவரு வாசல்ல வந்து வானத்தைக் காட்டறாரு, நீங்க பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறீங்க. எங்க முறை வந்ததே இல்ல. உங்க கூட்டத்துக்காக எங்க பிங்கோ ஆட்டம் வேற நின்னு போச்சு. அதுக்கே உங்க மேல ஒரு கேஸ் போடலாம். ஏன் தம்பி கண்ணைத் திறக்கறீங்க? இது வேற கேஸ்.

ஃபோன் அடிக்குது. இருங்க... ஹலோ? ஆமா, மண்டபத்துல இருந்தா? எல்லாரும் இன்னும் உக்காந்திருக்காங்களா? இல்லல்ல, இன்னும் முடியல. வேர் ஒண்ணு உள்ள நிக்குது. பிடிவாதமான வேர். சரி சரி, சொல்றேன்.

எல்லாரும் உங்களுக்குத்தான் காத்திருக்காங்களாம். காத்திருக்கட்டும்.

நான் எந்தக் கட்சின்னுதானே முழிக்கறீங்க? தெரியல தம்பி. நெசமாவே தெரியல. இந்த விளக்கு எரியறது டீசல்ல. டீசல் படகு புயல்ல மாட்டுனா கரன்ட் இல்ல. போன குளிர்ல பாதிரியார் பல்லுல பாதி ஓட்டை போட்டிருக்கறப்ப கரன்ட் போச்சு. மனுசன் அன்னிக்கு இருட்டுல சொன்ன வார்த்தையெல்லாம் வேதத்துல இல்ல. வீடெல்லாம் ஈரம், சுவரெல்லாம் பூஞ்சை, இந்த நாற்காலியில உக்கார்ற புள்ளைங்க இருமற இருமல்ல நான் ஊசியைப் பிடிக்க முடியல. அதைப் பாக்கறப்ப கேஸ் வந்தா வரட்டும்னு தோணும். அப்புறம், ஆலை கட்ட ஊருக்கு வெளியில முகாம் போட்டுத் தங்கப் போற அவ்ளோ ஆம்பளைங்களை நெனைப்பேன். இதே நாற்காலியில உக்கார்ற வயசுப் பொண்ணுங்களை நெனைப்பேன். அவங்க ராத்திரி அந்த ரோட்டுல நடந்துதானே வீட்டுக்கு வரணும்? உங்க படத்துல அந்த ரோடு வரவே இல்லையே தம்பி. நானும் ஒவ்வொரு தடவையும் பாத்துட்டேன்.

இதை மண்டபத்துல கேக்கலாமேங்கறீங்களா? கேக்கலாம். கேக்கணும். அதாங்க இப்ப பிரச்சினையே.

எங்க குலத்துக்கு ஓநாய் வீடுன்னு பேரு, அதுக்குப் பெரியவங்க எங்க அத்தை ஆர்டித். கண் ஆபரேஷனுக்கு நகரத்துக்குப் போயிட்டாங்க. போறப்ப, "வெர்னா, வீட்டுக்காக நீ பேசு. உன் வாய்தான் ஓயறதே இல்லையே"ன்னுட்டாங்க. அவங்களுக்கென்ன! நான் பேசறதெல்லாம் இங்கதான். இங்க உக்கார்றவங்க வாயைத் திறந்துக்கிட்டு சும்மா கெடப்பாங்க. அங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு காதைத் திறந்து வெச்சிருப்பாங்க. இந்த ஆஸ்பத்திரியத் திறந்தன்னிக்கு என்னைப் பேசச் சொன்னாங்க. எந்திரிச்சேன். "எல்லாரும் நல்லா பல்லு வெளக்குங்க"ன்னேன். உக்காந்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் என்னைக் கடையில பாத்தா பல்லைக் காட்டறாங்க.

மறுபடி ஃபோன். அடிக்கட்டும், எடுக்க வேண்டாம்.

என்ன, தட்டையே பாக்கறீங்க? அதுல என்ன இருக்கு, பஞ்சு, இடுக்கி... அது... வேற யாரோடதும் இல்லைங்க. உங்களுதுதான். எப்பவோ வந்துடுச்சு. அப்ப 'ஆங்'ன்னேனே, அப்பவே வந்துடுச்சு. வேரோட, முழுசா, அழகா.

முறைக்காதீங்க. நீங்க இங்க இருக்கற வரைக்கும் அங்க கூட்டம் தொடங்காதுன்னு பாத்தேன். அவ்வளவுதான், வேற கெட்ட எண்ணம் இல்ல. இந்தாங்க, இந்தப் பஞ்சை நல்லா கடிச்சுக்கோங்க. ரத்தம் நிக்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. உதடு வேற மரத்திருக்கு, பேசினா நாக்கைக் கடிச்சுக்குவீங்க. இது மட்டும் சத்தியமா நெசம்.

ஐயய்யோ.

இருங்க. நீங்க பேச முடியாதுன்னா... விருந்தாளி பேசலைன்னா, அடுத்து யாரு? முதல் வீடு. எங்க வீடு. நான்! அட, நானே பிடுங்கி நானே மாட்டிக்கிட்டேனே! கடமான் கறியைக் குத்தம் சொல்லி என்ன ஆவப் போவுது?

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் ரத்தம் வரும். எங்க போறீங்க? அது உங்க கோட்டு இல்ல, என் கோட்டு. அதை ஏன் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? வேண்டாம் தம்பி... சரி, இருங்க, இந்தக் கை உள்ள போவல... ஆங்.

மெதுவா நடங்க. பனி உறைஞ்சு வழுக்குது, உங்களுக்கு வழுக்கலைன்னாலும் எனக்கு வழுக்குது. இவ்ளோ பக்கத்துலயா இருக்கு இந்த மண்டபம்? உள்ள போனதும் கொஞ்ச நேரம் நின்னு மூச்சு விட்டுட்டு... அட, கதவைத் திறந்துட்டீங்களே! எல்லாரும் திரும்பறாங்க. அங்க ஆர்வில். அந்தக் கோடியில ஜொலீன். போங்க, நீங்க போயி முன்னால உக்காருங்க.

ம்... எல்லாருக்கும்... நான் ஓநாய் வீட்டு வெர்னா. யாரும் பல்லைக் காட்ட வேண்டாம், இது பல்லு விஷயம் இல்ல. ஆர்டித் அத்தை என்னைப் பேசச் சொன்னாங்க. எங்க வீடு வேணும்னோ வேண்டாம்னோ இன்னிக்குச் சொல்லல. நாங்க கேக்க வந்திருக்கோம். முகாம் வரப் போற எடத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு ரோடு இருக்கு, அங்க விளக்கு இல்ல. முதல்ல அதைப் பத்திக் கேக்கப் போறேன். அப்புறம் மீனு. அப்புறம் கப்பலு, பாறை. தம்பியால இன்னிக்குப் பதில் சொல்ல முடியாது. பரவாயில்ல, அவரு எங்கயும் போவல. மூடுபனி எறங்கிடுச்சு, விமானம் நாளைக்குத்தான். ஜொலீன், நீ உங்கப்பா பக்கத்துல போயி உக்காரு, அங்க எடம் இருக்கு. நான் ஆரம்பிக்கறேன்.