சிப்பி ஒட்டிய பால்கனி

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் வெள்ளை பெயிண்ட்டைத் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உப்புக் காற்று இரும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். மேலே வெள்ளை அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு அவசரமில்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் அந்த வீட்டை வடிவமைத்துக் கொடுத்தது நான்தான். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் கல் தரை, மாடியில் பாறைகளுக்கு மேலே கடலைப் பார்த்து நீண்ட பால்கனி. வேறெதுவும் கிடையாது. லட்சணமாக இருந்தது. என் தொழிலில் அப்படி ஒரு வீடு வாழ்நாளில் ஒருமுறைதான் அமையும்.

குடிவந்த கையோடு அக்கா அதைக் கெடுக்க ஆரம்பித்தாள். முதலில் பிளாஸ்டிக் நங்கூரம். பிறகு வரவேற்பறையில் மீன் வலை, அதில் ரப்பர் நண்டு. கழிவறை மூடியில்கூட ஒரு டால்பின். அத்தான் ஒவ்வொரு முறையும் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் தூக்குவதாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீடுன்னா கலகலன்னு இருக்க வேணாமாடா? நீ கட்டினது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அம்மா வேலைக்குப் போனபின் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். பொறுத்துக்கொண்டேன்.

சிப்பிகளைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கரையில் பொறுக்கியதை வேகவைக்காமல், கழுவாமல், அப்படியே பால்கனிச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டாள். உள்ளே இருந்த சதை அழுகி மஞ்சளாக வடிந்தது. என் வெள்ளைச் சுவரில் புழு நெளிந்தது. அவளோ கடல் வாசனை என்று மூச்சை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க முடியவில்லை.

பால்கனிக் கம்பி ஆடுகிறது, வந்து பார் என்று போன வாரம் கூப்பிட்டாள். கம்பியைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகளை வேலையாள் சாதா இரும்பில் போட்டிருந்தான். விரல் பட்டதும் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. துருப்பிடிக்காத போல்ட்டுகள் என் காரிலேயே இருந்தன. எடுத்துவரத்தான் எழுந்தேன். பின்னால் அக்கா ஒரு சிப்பி மாலையோடு நின்றிருந்தாள். அதிலும் ஈ மொய்த்தது.

"இதைக் கம்பிக்கு வெளிப்பக்கமா கட்டப்போறேன். சாஞ்சா தாங்குமாடா?"

நான் திரும்ப உட்கார்ந்து துருவின் மேல் பட்டி மாவைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் வெள்ளை அடித்தேன். புதிதுபோல இருந்தது.

"தாங்கும்க்கா" என்றேன்.

நீ சொன்னால் சரிதான் என்று என் தலையைத் தடவினாள். அந்த நாற்றம் போக வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

மறுநாள் காலை அவள் மாலை கட்டப் போனாள். நான் தள்ளவில்லை, அந்த இடத்திலேயே இல்லை. நான் சொன்னது ஒரே ஒரு சொல். விழுவாள் என்று தெரிந்துதான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே பாறைகளுக்கு நடுவே அத்தான் அவளை மடியில் கிடத்தி அழுதுகொண்டிருந்தபோது, நான் மேலே சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தடயத்தை அழித்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியில்லை. துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள், வீடு பார்க்கும்படி இருக்க வேண்டாமா?

ஒருமுறை கரையில் நின்று அந்த வீட்டைப் பாருங்கள் ஐயா. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அக்கா பார்த்திருந்தால் அவளுக்கே பிடித்துப்போயிருக்கும்.