பாதிச் சஹன்

— மர்ளியா, அந்த மிஸ் சொன்னத நீ சரியாக் கேக்கல்ல. எனக்குக் குடுத்த செவப்பு எண்டா கோவக்காரி இல்ல. முடிவெடுக்கிற ஆள்.

— வல்லாஹி நபீலா ராத்தா, நானும் அதத்தானே சொன்னன்! கோவத்தோட முடிவெடுக்கிற ஆள் எண்டு.

— அகப்பையால போடுவன். இறைச்சி ஆணத்தக் கிண்டு புள்ள, அடிப்புடிக்கப் போகுது. நீ மஞ்சள். மஞ்சள் எண்டா வாய்.

— வாய் எண்டு மிஸ் சொல்லல்ல. கதையால ஆக்கள்ட மனசப் புடிக்கிறவங்க எண்டு சொன்னா. புத்தளத்துல ஆக்கள்ட குணத்துக்கு நிறம் குடுக்கிற பயிற்சியில ரெண்டு நாள் குந்தியிருந்து எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல பேர் அது. அதையும் பறிச்சிராதீங்க.

— சரி, நீயே வெச்சுக்க. ஆனா ஃபஹ்மியாக்குப் பச்சை எண்டு சொன்னாவே, அதுதான் எனக்கு இடிக்குது. பொறுமை, நிதானம், எல்லாரையும் அணைச்சுக்கொண்டு போற குணம். அது நல்ல மருமகளுக்கு வேணும். கண்டக்குழிக் கருவாட்டுச் சங்கத்துக்குத் தலைவியா வாறவளுக்கு அது காணுமா?

— நீங்கதானே ராத்தா அவவத் தலைவியாப் போடோணும் எண்டு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க!

— நிக்கிறன். வேற ஆர் இரிக்கி? என்ட தவணை இண்டையோட முடிஞ்சு. அகதி முகாம் ஆக்கள் என்ன யோசனையில வந்திரிக்காங்க தெரியுமா? இண்டைக்குச் சங்கத்துச் சோத்தத் திண்டு கை கழுவின கையோட, தனிச் சங்கம் எண்டு எழும்பிச் சொல்லப் போறாங்களாம். அந்த றஹ்மா மாமிதான் முன்னுக்கு.

— அப்பிடிப் பிரிஞ்சு போனா?

— பிரிஞ்சா கரைல முதலாளிமாருக்குப் பெருநாள்தான். அவங்கள் வித்த விலை இது எண்டு எங்களுக்குச் சொல்லுவானுகள், எங்கட விலை அது எண்டு அவங்களுக்குச் சொல்லுவானுகள், ரெண்டு பக்கத்துக் கருவாட்டையும் மண் விலைக்கு அள்ளுவானுகள். நான் கத்திக் கத்திச் சேத்த சங்கம் புள்ள இது. முகாமில வளந்து ஊருக்குள்ள வாழ்க்கைப்பட்டவ ஃபஹ்மியா ஒருத்திதான். அவ வந்தா ரெண்டு பக்கமும் நிக்கும். அவவோ மாட்டன் எண்டுறா.

— நான் பச்சை, எனக்கு அதட்டத் தெரியா எண்டு சொல்றா.

— அதத்தான் நானும் சொல்றன். அந்த மிஸ் ஒரு நிறத்தக் குடுத்தாலும் குடுத்தா, இவ அதுக்குள்ள பூந்து கதவச் சாத்திட்டா.

— ராத்தா, மெதுவா. இந்தா வாறா.

— ராத்தா, ஒரு விசயம். சோறு வைக்கிற சஹன் தட்டு காணாது.

— என்ன ஃபஹ்மியா சொல்றாய்? பள்ளிவாசல்ல இருந்து காலையில ஆட்டோவுல வந்ததே!

— வந்தது பாதிப் பேருக்குத்தான் காணும். ஆறு பேருக்கு ஒரு தட்டு எண்டு வெச்சா, மத்தப் பாதி பாத்துக்கொண்டு குந்தோணும்.

— அல்லாவே! அந்தப் பள்ளிவாசல் மோதினாருக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னன். மர்ளியா, என்ட போன எடு. லுஹர் தொழுகை முடிஞ்சு, ஆக்கள் வந்து குந்தியாச்சு, இப்ப போய் இந்தக் கதை... ஹலோ, மோதினார் நானாவா? நபீலா. என்ன நானா வேலை இது? சபை நெறய ஆக்கள வெச்சிக்கொண்டு... எல்லாம் அனுப்பினீங்களா? அப்ப மிச்சத்த நான் திண்டுட்டனா? உங்களுக்கு வயசு போச்சு நானா, எண்ணுறதுக்கு வேற ஒரு ஆள வையுங்க. வையுங்க போன!

— ராத்தா, பாவம் அவர். இருக்கிறத வெச்சுப் பாப்பம்.

— பாக்க என்ன இரிக்கி? ரெண்டு பந்தி. மர்ளியா, நீ ஏன் இருமுறாய்? புகைக்குத் தள்ளி நில்லு. ரெண்டு பந்தி வைப்பம். முகாம் ஆக்கள் முதல்ல. அவங்க விருந்தாளிகள், மரியாதையா முதல்ல குடுப்பம். எங்கட ஆக்கள் பிறகு திங்கட்டும்.

— ராத்தா.

— என்ன?

— தொண்ணூறுல மன்னாருல இருந்து எங்கள வெரட்டின நேரம் என்ட உம்மா என்ன இடுப்புல தூக்கிக்கொண்டு வந்த. இண்டைக்கு என்ட மூத்தவள் ஓ எல் சோதினை எழுதப் போறா. இன்னம் எத்தின காலத்துக்கு ராத்தா நாங்க விருந்தாளி?

— நான் கெட்ட எண்ணத்துல சொல்லல்ல புள்ள.

— தெரியும் ராத்தா. அத நான் எல்லாருக்கும் சொல்றனான். ஆனா போன வருசமும் பாய ரெண்டு பக்கமா விரிச்சீங்க. ஊராக்கள் சுவரோரம், முகாம் ஆக்கள் வாசலோரம்.

— சண்ட வராம இருக்கத்தானே அப்பிடி வெச்சன்!

— ஓம். சண்ட வரல்ல. கதையும் வரல்ல.

— சரி, அப்ப நீயே சொல்லு. நான் வாயப் பொத்திக்கொண்டு இரிக்கன்.

— வயசானவங்க முதல்ல இருக்கட்டும், ரெண்டு பக்கத்திலயும். இளம் புள்ளைகள் சோறு, ஆணம் வெச்சுக் குடுக்கட்டும். பிறகு அந்தப் புள்ளைகள் இருப்பாங்க.

— றஹ்மா மாமியும் என்ட மாமியும் ஒரே தட்டுலயா? றஹ்மா எண்ட பேரக் கேட்டாலே என்ட மாமி முகத்தத் திருப்புற மனிசி!

— பாப்பம் ராத்தா.

— பாப்பமாம்! போறத பாரு மர்ளியா, செருப்புச் சத்தம்கூட இல்ல. அடுக்களை ஜன்னலத் திற. எனக்கு இந்தக் கூத்தப் பாக்கோணும்.

— உங்கட மாமிக்குக் கிட்டத்தப் போய்க் குனிஞ்சு என்னமோ சொல்றா.

— தள்ளு, நான் பாக்கிறன். ஐயோ, மாமி எழும்புறா! முழங்காலப் புடிச்சிக்கொண்டு எழும்புறா. கை குடுத்துக் கூட்டிக்கொண்டு போறா. அந்தப் பக்கம்! வாசலோரப் பாய்க்கு! என்ன ஓதி ஊதினாளோ தெரியா. மர்ளியா, நீ சோத்துச் சட்டியத் தூக்கிக்கொண்டு போ, காத அங்க வெச்சிட்டு வா.

— நான் போனா கதைச்சிருவனே ராத்தா.

— இண்டைக்கு மட்டும் கதைக்காத. ஓடு!

— வந்துட்டன், வந்துட்டன். வல்லாஹி ராத்தா, கேளுங்க. உங்கட மாமிக்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? "மாமி, அந்தத் தட்டுல அஞ்சு பேர்தான். ஆறாவது ஆள் இல்லாம நான் சோறு வைக்க ஏலா, அவங்க பசியோட குந்தியிருக்காங்க" எண்டிரிக்கா. உங்கட மாமிக்கு மனசு கேக்குமா?

— கேக்காது. அவ ஊர்ப் பூனைக்கும் சோறு வைக்கிற மனிசி. றஹ்மா மாமிக்கு என்ன சொன்னா?

— "மாமி, இந்த உம்மாக்குப் பல்லு சரியில்ல, இறைச்சியக் கொஞ்சம் மெல்லிசாப் பிச்சு அவட பக்கம் வைங்க" எண்டு. அவ்வளவுதான். அங்க இருங்க, இங்க இருங்க எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல. எல்லாருக்கிட்டயும் ஒரு உதவிதான் கேட்டா.

— நான் எண்டா, "மாமி, அங்க போய்க் குந்துங்க" எண்டு சொல்லியிருப்பன். மாமி செருப்ப மாட்டிக்கொண்டு வூட்டுக்குப் போயிருப்பா.

— றஹ்மா மாமிய பாருங்க ராத்தா!

— பாத்துக்கொண்டுதான் இரிக்கன். பிச்சுப் பிச்சு வைக்கிறா. தனக்கு வந்த நல்ல துண்ட மாமிட பக்கம் தள்ளுறா. மாமி தலைய ஆட்டுறா. அல்லாவே, மாமி சிரிக்கிறா! அவ சிரிச்சு நான் பாத்தது என்ட கலியாணத்தண்டைக்கு.

— முகாம் புள்ளைகள் ஊர்க் கிழவிகளுக்கு ஆணம் ஊத்துறாங்க, எங்கட புள்ளைகள் அவங்கட உம்மாமாருக்குத் தண்ணி குடுக்கிறாங்க. ராத்தா, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீங்க?

— புகை இல்ல புள்ள, உண்மையாத்தான் அழுவன் போல இரிக்கி. நான் எத்தின கூட்டம் போட்டன், எத்தின தரம் மேசைல அடிச்சன். இவள் ஒரு தட்டுச் சோத்த வெச்சி முடிச்சிட்டாளே. பச்சை எண்டா நான் மெத்தனம் எண்டு நினைச்சன். எனக்கு ஆக்கள எடை போடத் தெரியல்ல மர்ளியா.

— நீங்க மட்டுமா? நானும்தான். ஆனா ராத்தா, நான் ஒரு விசயம் சொல்லோணும்...

— பிறகு சொல்லு. அவ வாறா. ஃபஹ்மியா, இங்க வா. என்ன கதைச்சாங்க அந்தத் தட்டுல?

— றஹ்மா மாமி கேட்டா, கருவாடு காயப்போடுற பரண் எல்லாம் ஊர்ப் பக்கமே இரிக்கி, முகாம் பக்கம் ஒண்டு கட்டினா என்ன எண்டு.

— அத நான் கூட்டத்துல எடுத்து, மண்டை உடையாத குறை! என்ட மாமி என்ன சொன்ன?

— "கட்டுங்களேன், ஆர் வாணாம் எண்ட? மீன் அழுகினா எல்லாருக்கும்தானே நட்டம்" எண்டா. றஹ்மா மாமி பிறகு தனிச் சங்கக் கதையே எடுக்கல்ல. கை கழுவப் போகக்குள்ள ரெண்டு பேரும் என்னக் கூப்பிட்டு, புதுத் தலைவி ஆரெண்டு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— நபீலா ராத்தாக்கிட்ட கேட்டுச் சொல்றன் எண்டன்.

— என்னக் கேட்டா? என்னக் கேட்டா நீதான். இண்டைக்கு நீ செஞ்சத நான் என்ட கண்ணாலப் பாத்தன். தட்டு குறைஞ்ச உடன நான் போன்ல ஏசினன், நீ ஆக்கள்ட முகத்தப் பாத்த. எனக்கு அது வராது. வெக்கமில்லாமச் சொல்றன், எனக்கு அது வராது. புள்ள, இந்தச் சங்கத்த எடு.

— ராத்தா, உங்களுக்கு வாறது எனக்கு வராதே. முதலாளி எங்கட கருவாட்டக் கழிவெண்டு மணல்ல கொட்டின நேரம், அவர்ட லொறிக்கு முன்னுக்குப் போய் நிண்டது நீங்க. நான் அழுதுகொண்டு மணலத் தட்டிப் பொறுக்கினன். அண்டைக்கு நீங்க நிக்காட்டி, இண்டைக்குச் சோறு போடச் சங்கமே இல்ல. அத முகாமில சின்னப் புள்ளைகளும் சொல்லும்.

— அப்பிடியா சொல்றாங்க?

— "ஊராக்கள்ல ஒரு ஆம்பிள இரிக்கி, அது நபீலா" எண்டு றஹ்மா மாமி சொல்லுவா.

— அந்த மனிசியா? அவட தட்டுல இன்னம் ரெண்டு துண்டு இறைச்சி வை மர்ளியா!

— அவங்க சாப்பிட்டு எழும்பிட்டாங்க ராத்தா.

— அப்ப வட்டலப்பம் வை. ஃபஹ்மியா, கதைய மாத்தாத. நிக்கிறியா, இல்லையா?

— நிக்கிறன் ராத்தா. ஆனா கரைக்கு விலை பேசப் போற நேரம் நீங்க முன்னுக்கு வரோணும். நான் பின்னால நிண்டு ஆக்களச் சேத்து வெச்சிக்கொள்றன். உங்கட செவப்ப வூட்டுல வெச்சிட்டு வந்தா, நானும் வரமாட்டன்.

— அல்ஹம்துலில்லாஹ்! வருவன், வராம என்ன? மர்ளியா, நீ ஏன் முந்தானைய வாயில அடைச்சிக்கொண்டு நிக்கிறாய்? இதுல சிரிக்க என்ன இரிக்கி?

— ஒண்டுமில்ல ராத்தா. சந்தோசம்.

— சந்தோசம்தான். ஃபஹ்மியா, எனக்கு ஒரே ஒரு கவலைதான். நீ பச்சத் தண்ணி மாதிரி ஒரு புள்ள. உள்ளுக்கு ஒண்டு வெளிய ஒண்டு தெரியாது. கரைல முதலாளிமார் சிரிச்சுக்கொண்டே முதுகுக்குப் பின்னால செய்யிற வேலையெல்லாம் உனக்கு எப்பிடிப் புள்ள விளங்கப் போகுது?

— ராத்தா, முதல்ல மோதினார் நானாக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேளுங்க. அவர் எல்லாச் சஹனும் அனுப்பினவர். பாதிய நான்தான் மர்ளியாட கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வெச்சிரிக்கன்.