முந்தி ஓடிய கடிகாரம்

எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் ஓடும். நான் வேலைக்குத் தாமதமாகப் போய்விடக் கூடாது என்று அண்ணன் அப்படித் திருகி வைத்திருந்தார். என் கைக்கடிகாரத்தில் சரியான நேரம் இருக்கும். வீட்டுக்குள் அதற்கு மதிப்பில்லை. "சுவர் என்ன சொல்லுதோ அதான் நேரம். கிளம்பு" என்பார்.

நீங்கள் கேட்டது கணினியைப் பற்றி என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

ஆஸ்பத்திரி சிஸ்டர்கள் கையில் வைத்திருக்கும் செயலியைத் தரவுத்தளத்தோடு இணைத்துக் கொடுப்பது என் வேலை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் விவரம் அதில்தான் இருக்கிறது. அது ஒரே இடத்தில் இல்லை. மூன்று ஆஸ்பத்திரிகளில் மூன்று கணினிகள், மூன்றிலும் அதே விவரம். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை பதில் சொல்லும். ரத்த வகை ஒரு பத்தி, எடை ஒரு பத்தி, நிலை ஒரு பத்தி என்று பத்தி பத்தியாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பத்தியில் கைவைத்தால் பக்கத்துப் பத்திக்குத் தெரியாது. சிறுநீரகம் கிடைக்கும்போது, 'நிலை' என்ற பத்தியில் 'தயார்' என்று இருப்பவர்களை மட்டும் அது எடுத்துக் கொடுக்கும். காய்ச்சல், கிருமி என்று ஏதாவது இருந்தால் 'தற்போது தகுதியில்லை' என்று போட்டு, தேறியதும் மாற்றிவிடுவார்கள்.

மூன்று கணினிகளும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது? ஒவ்வொரு பதிவோடும் அதை எழுதிய நேரம் போகும். எதன் நேரம் பிந்தியதோ அது நிற்கும். மற்றது பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தை எங்கள் செயலிதான் சொல்கிறது. என்ன சொன்னாலும் தரவுத்தளம் நம்பும், திருப்பிக் கேட்காது. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடிப்பார். கடையில், வங்கியில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், எல்லா இடத்திலும் "நீ சும்மா இரு சின்னவளே, நான் சொல்றேன்" என்பார். எனக்கு வருத்தமில்லை. பழகிவிட்டது.

அண்ணி காலமான பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காரை நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். முதலில் "கண்ணாடியைப் பாரு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதற்கும் தெம்பில்லை. படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டி, "எதைப் போடட்டும், நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். நீலம் என்றேன். நீலத்தைப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே காரில் சொன்னார்.

"கிட்னி கிடைச்சதும் பாப்பா வீட்டுக்குப் போயிடுறேன். மாடியில ரூமெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்காளாம்."

பாப்பா அவருடைய மகள். வெளிநாட்டில் இருக்கிறாள்.

"நான்?" என்றேன்.

"நீ என்ன கைக்குழந்தையா? வீடு இருக்கு, வேலை இருக்கு. கடிகாரத்துக்கு மட்டும் பேட்டரி மாத்திக்க. மறந்து தொலைச்சிருவ."

சிக்னல் விழுந்திருந்தது. நிறுத்தினேன்.

செயலியின் புதுப் பதிப்பை அப்போதுதான் இணைத்துக்கொண்டிருந்தேன். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பதிவை எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று போலிப் பெயர்கள் உண்டு. நான் அண்ணனுடைய பதிவில் எழுதினேன். 'தற்போது தகுதியில்லை.' இணைப்பு நன்றாக வேலை செய்தது.

அதோடு விட்டிருந்தால் சிஸ்டர் மாற்றியிருப்பார். அதனால் அந்த ஒரு பதிவுக்கு மட்டும் கூடத்துக் கடிகாரம் மாதிரி நேரத்தை முந்தி வைத்து, இனிமேல் வரப்போகும் தேதி போட்டு அனுப்பினேன். எவ்வளவு என்று கேட்டீர்கள். இரண்டு வருடம். அதிகமாக வைக்கவில்லை.

பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் நல்ல மாதிரி. மாதாமாதம் அண்ணனைப் பரிசோதித்துவிட்டு 'தயார்' என்று தட்டுவார். பச்சை டிக் விழும். வந்து சேர்ந்தது என்றுதான் அதற்கு அர்த்தம், நின்றது என்று அர்த்தமில்லை. அன்றைக்கு அவர் தட்டியதையே திரை காட்டும். அடுத்த மாதம் திறந்தால் பழையபடி இருக்கும்.

"நானும் மாத்தி மாத்திப் போடுறேன், மறுபடி தகுதியில்லைன்னே வந்து நிக்குது. மத்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இதை மாத்துறதைத் தவிர வேற வேலை வெட்டி இல்லையா?" என்றார்.

"நான் பார்க்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

அண்ணன் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "இவ பார்த்தா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். இந்த விஷயத்துல இவ சொல்றதுதான்."

இன்னொருவர் முன்னால் என்னைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அன்று மாலை போய்ப் பார்த்தேன். எல்லாம் நான் வைத்தபடியேதான் இருந்தது.

அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் இரண்டு முறை வந்தது. இரண்டும் வேறு இருவருக்குப் போயின. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அண்ணனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உப்பில்லாமல் சமைத்தேன், கால் பிடித்துவிட்டேன், ஒரு நாள்கூட டயாலிசிஸுக்குத் தாமதமாகக் கூட்டிப்போனதில்லை.

வீடு திரும்பும் வழியில் காரில்தான் உயிர் போனது. சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். வலது கால் தரையை அழுத்தியபடி இருந்தது.

சிஸ்டர் அழுதுகொண்டே 'இறந்துவிட்டார்' என்று தட்டினார். பச்சை டிக் விழுந்தது. சில நாள் கழித்துத் திறந்திருக்கிறார். 'தற்போது தகுதியில்லை.' செத்தவரை நோயாளியாக்க எந்த ஆஸ்பத்திரிக்காரருக்கும் தோன்றாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. மேலே எழுதிப் போட்டார். நீங்கள் வந்தீர்கள்.

கொலை என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் ஆள் நேற்று என் எதிரிலேயே அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். அண்ணன் பட்டியலில்தான் இருக்கிறார். நான் கொடுத்த நேரம் இன்னும் வரவில்லை. அதுவரை யார் என்ன எழுதினாலும் நிற்காது. 'தற்போது' என்றுதான் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் போனால் கூடத்துக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றச் சொல்லுங்கள். அது நின்றிருப்பதைப் பார்த்தால் அண்ணன் திட்டுவார்.