பெயிண்ட் அடிக்கக் கட்டிய சாமான்

என் பெயர் ஷைஜா, வயது 31, க/பெ எபின். இந்த மாதம் பதினான்காம் தேதி வரை தக்கலைக்கு மேற்கே, ஆலயத்துக்குப் பின்னால் உள்ள என் கணவரின் வீட்டில் குடியிருந்தேன். தற்போதைய முகவரியைக் கேட்டதற்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன் என்று கூறினேன். முகவரி இல்லாமல் வாக்குமூலம் தொடங்க முடியாது என்று எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டம்மா சொன்னார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைக் கேட்கும் பொறுமை வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு இருக்காது, எழுந்து அங்கே போய் நிற்பார் என்றேன். இடம் விட்டு மேற்கொண்டு எழுதுகிறார்கள்.

வெளியே இருப்பவர் என் கணவரின் அண்ணன் சத்தியராஜ். நானும் என் மகள் ஜினிஷா, வயது 7, என்பவளும் காணாமல் போனதாகவும், யாரோ ஆசை காட்டிக் கூட்டிப் போனதாகவும், வீட்டுச் சாமான்களையும் எடுத்துப் போனதாகவும் மனு கொடுத்தவர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் என் மாமி, கணவரின் அம்மா நேசபாய். ஜினிஷாவை என் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன். வெளியே விட்டால் பெரியப்பா கேக் வாங்கிக் கொடுத்து ஊர்ப் பெயரைக் கேட்பார், அவளும் சொல்லிவிடுவாள். எங்களை யாரும் கூட்டிப் போகவில்லை. என் சொந்தப் புத்தியில் யோசித்து வீடு மாறினேன். எனக்குப் புத்தி உண்டு என்பதை நம்பத்தான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் கணவர் எபின் மஸ்கட்டில் வேலை செய்கிறார். போன தடவை லீவில் வந்தபோது முன்பக்க சிட்அவுட்டிலும் ஹாலிலும் அடுக்களையிலும் கேமரா வைத்தார். அதன் பிறகு குழந்தை தூங்குவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் படுக்கை அறையிலும் ஒன்று வைத்தார். எல்லாம் எங்கள் பாதுகாப்புக்கு என்றார். அந்தக் கேமராக்கள் பேசவும் செய்யும். நான் அடுப்படியில் நிற்கும்போது சுவரில் இருந்து அவர் குரல் வரும். "ஏட்டி, நாலு விசில் ஆச்சு, எறக்கு." "யாருக்க கூட சிரிச்ச?" "இந்நேரம் கெடந்து உறங்குதியா?" மஸ்கட்டில் இருந்துகொண்டு என் குக்கருக்கு விசில் எண்ணிய மனிதர் அவர். குளித்துவிட்டு வந்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் சந்தில் நின்றுதான் சேலை மாற்றுவேன். கல்யாணம் ஆகி அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த இடம் அதுதான். இந்த அறையின் மூலையிலும் ஒரு கேமரா இருப்பதால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அனுமதித்தார்கள்.

கணவர் அடித்தாரா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறேன். குடிப்பாரா என்று கேட்டதற்கு, இல்லை. வேறு தொடர்பு உண்டா என்று கேட்டதற்கு, எனக்குத் தெரிந்து இல்லை. இதே மூன்று கேள்விகளைத்தான் எங்கள் சபையில் நான் போய்ச் சொன்ன பெரியவரும் கேட்டார். கேட்டுவிட்டு, "பொண்டாட்டிய திரும்பிப் பாக்காம கெடக்குதவன் எத்தன பேரு உண்டு! இவன் இருவத்தி நாலு மணிக்கூறும் பாக்கான். ஸ்தோத்திரம் சொல்லு மக்கா" என்றார். ஒரு அடி அடித்திருந்தால் சொல்வதற்கு எளிதாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்கு மிகவும் ஆத்திரமாக வந்தது. வெளிக்காயம் இல்லாதவளுக்கு எந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவார்கள்?

மாமி நேசபாயைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. மகன் கேமராவில் பார்த்துத் திட்டுவார் என்பதால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று போட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். அறுபத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒளிந்து நிற்பார். நாங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசியது எல்லாம் அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான்.

அதன் பிறகு, கடந்த நவம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று என் கணவரே சொன்னார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் கடன் வாங்கியாவது பெயிண்ட் அடிப்பது வழக்கம். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் சாமான்களைக் கட்ட வேண்டும். வீட்டில் உள்ள அத்தனையையும் கட்டி அடுக்கினாலும் ஏன் என்று ஒருவரும் கேட்காத மாதம் வருடத்தில் இது ஒன்றுதான். அன்றைக்கே எனக்கு இந்த யோசனை வந்தது. வழியைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

என் கூடப் படித்த பிரீனா கோட்டாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நானும் அந்தப் படிப்புதான் படித்தேன். ஜினிஷாவைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் அவளுக்கு போன் செய்வேன். அவள் அங்கேயே எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்தாள், வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாள். எங்கள் சபைக்காரர்கள் யாரும் இல்லாத ஊராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் சொன்ன விருப்பம். மாப்பிள்ளையை போட்டோவில் பார்த்துச் சரி சொன்னவள் நான். வீட்டை போட்டோவில்கூடப் பார்க்காமல் சரி சொன்னேன். வீட்டுக்கார அம்மா போனில் என்னிடம், "வீட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்று கேட்டபோது மஸ்கட்டில் என்றேன். அது பொய் இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பெயிண்டர் குமாரதாஸ் என்பவர் வேலை தொடங்கினார். படுக்கை அறை முதலில், பிறகு அடுக்களை, பிறகு ஹால், கடைசியில் சிட்அவுட் என்று நான்தான் வரிசை சொன்னேன். எந்த அறையில் வேலை நடக்கிறதோ அந்தக் கேமராவை மட்டும் கழற்றலாம், மற்றவை அப்படியே இருக்க வேண்டும் என்பது என் கணவரின் கட்டளை. எனவே கேமரா கழற்றிய அறையில் வைத்து எங்கள் உடுப்புகளையும் சான்றிதழ்களையும் தனியாகப் பிரித்துக் கட்டினேன். மற்றவற்றை அவர் பார்வையிலேயே கட்டினேன். அவருக்கு அதில் மிகவும் சந்தோஷம். "பாத்திரத்த பேப்பர்ல சுத்து ஏட்டி, ஒண்ணோட ஒண்ணு முட்டப்பிடாது" என்று சுவரில் இருந்து சொன்னார். புட்டுக்குடத்தைச் சாக்கின் அடியில் வைத்தபோது, மேலே வைக்கச் சொன்னார். நான் வீட்டை விட்டுப் போவதற்குச் சாமான் கட்ட அவரும் உதவி செய்தார் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஹாலில் வேலை நடந்தது. எனவே கட்டிய சாமான் எல்லாவற்றையும் சிட்அவுட்டில் கொண்டு வைத்தோம். பதினான்காம் தேதி சனிக்கிழமை சிட்அவுட் அடிக்கும் நாள். முன்பக்கக் கேமராவைக் கழற்ற என் கணவர் சம்மதிக்கவில்லை. "கழத்தாண்டாம், பேப்பர் சுத்தி அடிக்கச் சொல்லு, முடிஞ்ச ஒடனே அவிழ்க்கணும்" என்றார். குமாரதாஸ் கேமராவுக்குப் பேப்பர் சுற்றி டேப் ஒட்டினார். ஹால் கேமராவை இன்னும் மாட்டவில்லை. மாமி கிறிஸ்துமஸ் அலங்கார வேலைக்காக ஆலயத்துக்குப் போயிருந்தார். பெயிண்டர் அந்தப் பேப்பரை அவிழ்ப்பதற்குள் போக வேண்டும் என்பதுதான் என் திட்டம். பிரீனா ஏற்பாடு செய்த குட்டியானை வண்டியை அதன் டிரைவர் வினோஜ் என்பவர் கொண்டுவந்தார். பெயிண்ட் படாமல் இருக்க என் அம்மா வீட்டில் கொண்டு வைப்பதாகக் குமாரதாஸிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மூட்டை தூக்கவும் கை கொடுத்தார். அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

அதன் பிறகு நடந்ததை நான் சொல்வதாக இல்லை. ஆனால் இன்று காலை மாமியே உங்கள் முன்னாலும் சத்தியராஜ் முன்னாலும், "அவ எங்கயும் ஓடிப்போவேல்ல, நாந்தான் அனுப்பி வச்சேன்" என்று சொல்லிவிட்டதால் நானும் சொல்கிறேன். சாமான் ஏற்றி முடிக்கும் நேரத்தில் மாமி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். வண்டியைப் பார்த்தார். தையல் மெஷினையும் ஜினிஷாவின் மேசையையும் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"போறியா மக்கா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி" என்றேன்.

கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பேப்பர் சுற்றியிருந்தது. பிறகு என் பக்கம் வந்து, "எனக்கும் ஒரு எடம் கெடக்குமா அங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கடைசி மூட்டையை எடுத்து வண்டியில் வைத்தேன். ஒரு அறை வீடு என்பதும், மாமியைக் கூட்டிப் போனால் சத்தியராஜ் அன்றைக்கே தேடி வருவார் என்பதும்தான் மனதில் ஓடியது. அவர் அடுக்களைக்குப் போய் முந்திரிக்கொத்துப் பலகார டின்னை எடுத்து வந்து, வண்டியில் இருந்த ஜினிஷாவின் மடியில் வைத்தார். "சீக்கிரம் போ. நான் யாருட்டயும் பறயமாட்டேன்" என்றார். நான் போனது காலையில். மனுவில் மாலை முதல் காணவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பகல் முழுவதும் கேமராவுக்கு முன்னால் நின்று என்ன பதில் சொன்னாரோ, அது அவருக்குத்தான் தெரியும். அவரை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. ஏட்டம்மா தண்ணீர் கொடுத்தார்கள்.

சாமான்களைப் பொறுத்தவரை, நான் எடுத்துப் போனவை எல்லாம் என் அப்பா சீதனமாகக் கொடுத்தவையும் குழந்தைக்கு உள்ளவையும் மட்டுமே. கட்டிலையும் சோபாவையும் விட்டுவிட்டேன். குழந்தையின் அரையாண்டுத் தேர்வு பாதியில் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. என் பொருள் அல்லாத ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. மூட்டையைப் பிரித்தபோது துவர்த்துத் துண்டுகளுக்கு நடுவில் மாமியின் கண்ணாடி இருந்தது. கட்டும்போது தெரியாமல் சேர்ந்துவிட்டது. அவர் தேடி வந்தது என் மூட்டைக்குள் இருந்திருக்கிறது. சத்தியராஜின் மனுவில் அதுவும் திருட்டுப் பட்டியலில் உள்ளது.

புது வீட்டுக்குப் போன அன்றே ஜினிஷா ஸ்டார் போட வேண்டும் என்றாள். கிறிஸ்துமஸ் ஸ்டாரை மடித்து அவளே தன் பைக்குள் கொண்டுவந்திருக்கிறாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் கோலம்தான், ஸ்டார் ஒன்றுகூட இல்லை. வாசலில் தொங்கவிட்டால் போஸ்டர் ஒட்டியது போல ஆகிவிடும் என்று பயந்து, சமையல்கட்டுக்குள் தொங்கவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். "ஸ்டாரு உள்ளயாம்மா தொங்கும்?" என்று கேட்டாள். இவ்வளவு பாடுபட்டு வெளியே வந்து மறுபடியும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறோமே என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. அதன் பிறகு பிரீனாவைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து விசாரித்ததாகத் தெரிந்ததால், இன்று நானே குழந்தையுடன் பஸ் ஏறி இங்கு ஆஜரானேன்.

கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சம்மதமா என்று கேட்டதற்கு, சம்மதம் இல்லை. முகவரி சொல்லாவிட்டால் காணவில்லை என்ற வழக்கை முடிக்க முடியாது, திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டிவரும் என்கிறார்கள். சொன்னால் அது கோர்ட்டுக்குப் போகும், மனுதாரரும் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வெளியே மாமி குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சொன்னதைச் சொல்லிவிட்டு அவர் இன்றைக்கு அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஆகவே விட்ட இடத்தில் எழுதிக்கொள்ளலாம். தோவாளை, பூச்சந்தைக்குப் பின்னால் உள்ள மேலத் தெரு, பூ வியாபாரம் செய்யும் தாணம்மாள் என்பவரின் மாடி வீடு.

மாமியின் கண்ணாடியை இங்கே ஒப்படைக்கச் சொன்னதற்கு, ஒப்படைக்க மாட்டேன் என்று கூறினேன். அவரே என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கதவு எண்ணும் தெருப் பெயரும் தெரியாது. இன்று போனதும் ஸ்டாரை வெளியே எடுத்து வாசலில் கட்டிவிடுவேன். சத்தியராஜ் பார்த்தாலும் பார்க்கட்டும். அந்தத் தெருவில் ஸ்டார் தொங்கும் வீடு ஒன்றுதான் என்றும், ஒரு அறைதான் என்றாலும் இடம் கிடக்கும் என்றும் மாமியிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எழுதியது முழுவதும் நான் சொன்னது, நடந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஷைஜா