மணல்வெளிப் படை

திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெட்டியது. இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கத் திராட்சை கிடைக்கும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

போரின் வரலாற்றை எழுத வந்திருக்கிறீர்கள். ஒரு போர்முனையிலிருந்து எடுத்து இன்னொரு முனைக்கு அனுப்ப, எந்தப் படை என்று எப்படித் தீர்மானித்தோம் என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய ஆள் நான்தான். அந்தப் போரில் தலைமையகத்தில் படை நகர்வுகளைத் திட்டமிடும் கர்னல் இமானுவேல் நான். கையெழுத்து தளபதியுடையது. எதில் கையெழுத்திடுவது என்பதை என் மேசைதான் சொல்லும்.

வீரமான படையைப் பார்த்து அனுப்புவோம் என்று பலர் நினைக்கிறார்கள். வீரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்த இடம் உடையாமல் நிற்குமா, அனுப்பும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருமா, சேர்ந்த பிறகு சண்டை போடும் நிலையில் இருக்குமா என்றுதான் பார்ப்போம். எல்லாம் ஒரே படையில் பொருந்தி வருவது அபூர்வம்.

வடக்கு முனையில், பனிமலை மேல், எங்கள் வரிசை சரியத் தொடங்கியது. மேற்கு முனையிலிருந்து ஒரு பிரிகேட்டை அங்கே அனுப்பியாக வேண்டும். எடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று உயரத்தில் ஒரு கணவாயைக் காத்துக்கொண்டிருந்தது. மற்றது கீழே மணல்வெளியில் இருந்தது.

நான் மணல்வெளிப் படையைச் சொன்னேன். ரயில் நிலையம் அவர்களுக்குப் பக்கம். காலிக் கூடாரங்களை அப்படியே விட்டு, சமையல் புகையை எழுப்பிக்கொண்டிருந்தால், அவர்கள் கிளம்பியதை எதிரி உடனே அறிய மாட்டான். மலைப்படையை எடுத்தால் கணவாய் திறந்துவிடும். தளபதி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இன்றைக்கு நீங்கள் அந்தத் திட்டத்தைப் படித்தாலும் தலையாட்டுவீர்கள்.

மறுத்தவர் மருத்துவ அதிகாரி உமாதேவி மட்டும்தான். அவர் வடுகபட்டிக்காரர். என் திட்டத்தைப் படித்துவிட்டு, தளபதியின் கூட்டத்துக்கு முன்பு வராந்தாவில் என்னை நிறுத்தி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

“சார், மணல்ல கெடந்தவங்கள நேரா மேல ஏத்துனா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிரும். மூச்சு முட்டியே செத்துருவாக. பாதி மலையில தங்க வச்சுப் பழக்கணும்.”

“அதுக்கு நேரம் இல்ல, டாக்டர்.”

“அப்ப மலையில நிக்கிறவங்கள அனுப்புங்க.”

கணவாயைப் பற்றி அவருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

வடக்கு முனை உடையாமல் நின்றது. அந்த நகர்வை இளம் அதிகாரிகளுக்குப் பாடமாக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மணல்வெளிப் படையில் பலர் எதிரியைப் பார்க்கும் முன்பே, டாக்டர் சொன்னபடியே இறந்தார்கள். அவர்களில் ஒருவன் கோம்பை லிங்கேஸ்வரன். அவன் அப்பா மலைச்சாமி அப்போதே என் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

லிங்கேஸ்வரன் அந்தப் படையில் இருப்பது எனக்குத் தெரியும். மலைப்படையில் கேப்டனாக இருந்தது என் மகன் அருண் ஜோசப். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதே என்று தள்ளிவைத்தேன்.

விடுப்பு எடுத்து, சீருடையோடு கோம்பைக்குப் போனேன். சவப்பெட்டிக்கு அருகில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். மலைச்சாமி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“கர்னலய்யா, ஒடம்புல ஒரு காயங்கூட இல்லையே. பெறகு எப்புடிச் செத்தான்?”

“குளிரு, மலைச்சாமி. அந்த உயரம் ஒத்துக்கல.”

“மணலுக்குள்ள நிக்கேன்னுதான போன்ல சொன்னான். மலைக்கு யாரு அனுப்புனாக?”

“மேலிடத்துல.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அருண் தம்பியாச்சும் நல்லபடியா வந்து சேரட்டும்யா. சாமிகிட்ட வேண்டிக்கிறேன்.”

வேண்டிக்கொண்டார். அருண் வந்து சேர்ந்தான்.

வந்தவன் லிங்கேஸ்வரன் வீட்டுக்குப் போய்விட்டு, இருண்ட முகத்தோடு இதே அறைக்குள் நுழைந்தான்.

“அப்பா, அந்த உயரத்துல பழகி நின்னவங்க நாங்க. எங்களத்தான அனுப்பியிருக்கணும்?”

“கணவாயத் திறந்து விடச் சொல்றியா?”

“எதுத்தாப்புல யாரு இருந்தாக? நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடியே அவங்க கூடாரத்தக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க செய்தி சொன்னோமே.”

“எனக்கு அந்தச் செய்தி வரல.”

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இப்போது மனைவி ஜெசியோடு கொச்சியில் இருக்கிறான். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான். நான் எடுத்தால் வைத்துவிடுவான்.

செய்தி வந்திருந்தது. உளவுப் பிரிவிலிருந்து நேராக எனக்கே போன் செய்தார்கள். கணவாய்க்கு எதிரே யாரும் இல்லை என்றார்கள். டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தியபோது, அந்தப் போனைப் பேசி முடித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன். கையெழுத்திடும் முன் தளபதி பேனாவைப் பிடித்தபடி கேட்டார், கணவாய்க்கு எதிரே இப்போது எவ்வளவு பேர் என்று. ஒரு முழு பிரிகேட் என்றேன். அவர் கையெழுத்திட்டார். கணவாயிலிருந்து எதிரி விலகிய செய்தியை, ரயில் கிளம்பிய பிறகு, அப்போதுதான் வந்ததுபோல அவரிடம் கொண்டுபோனேன்.

லிங்கேஸ்வரனையும் அவனோடு போனவர்களையும் நான்தான் கொன்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம். தோட்டத்தில் மலைச்சாமி இருமும் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

ஒரே ஒரு உதவி. போகும்போது அவரிடம் இதைப் பற்றி எதுவும் பேசிவிடாதீர்கள். வயதான மனிதர், தாங்க மாட்டார். அவருக்காகத்தான் இத்தனை காலமும் சொல்லாமல் இருக்கிறேன்.