கொப்பி அளவுப் படம்

ஓம் அக்கா, எனக்கும் கேட்டது. பஸ்ஸிலை முன் சீற்றிலை இருக்கிறவா பக்கத்து மனிசிக்குச் சொல்லுறா, அந்தப் பெட்டைக்கு என்னவோ பிடிச்சிட்டுது, தன்ரை பாட்டிலை சிரிக்குதெண்டு. சரியாத்தானே சொல்லுறா! நான் வீட்டிலை வாயே திறக்காத ஆள். இண்டைக்கு மூடேலாமல் கிடக்கு.

சீச்சீ, தனிய இல்லை. பின்னுக்கு நித்திரை கொள்ளுறது என்ரை மாமா. கிளிநொச்சியிலை இறங்கி ரெயிலிலை கொழும்புக்குப் போறம். அங்கை சித்திரம் படிக்க இடம் கிடைச்சிருக்கு.

ஊர் அக்கராயன்தான். சீன் வீரகத்தியைத் தெரியுமோ? கோயில் நாடகங்களுக்கு மேடைக்குப் பின்னாலை தொங்கவிடுற சீன் சீலை கீறி வாடகைக்குக் குடுக்கிறவர். காடு, அரண்மனை, தெரு, மூண்டும் எங்கடைதான். நான் அவரின்ரை மகள். ஐயோ, பாத்திருக்கிறியளோ! ஐயாவுக்கு ஏணியிலை ஏறினால் தலை சுத்தும். அதாலை மேல் பாதி முழுக்க நான். ஆகாயம், கொப்பு, குரங்கு எல்லாம் நான். வேர், புல்லு, முயல் ஐயா.

பிறகென்ன, படிப்பிக்கிற இடத்திலை பள்ளிக்கூடக் கொப்பி அளவிலை ஒரு படம் கீறி அனுப்பச் சொல்லிப் போட்டினம். கொப்பி அளவு! நான் குரங்கின்ரை வாலையே அதைவிட நீளமாக் கீறுறனான். முதல் எங்கடை மாட்டைக் கீறினன். முகம் மட்டுந்தான் கொண்டுது. கொம்பு கடதாசியைத் தாண்டி மேசையிலை போய் முடிஞ்சுது. அம்மா சாம்பல் போட்டுத் தேய்ச்சும் போகேல்லை. இப்பவும் அந்தக் கொம்புக்கு மேலைதான் சோத்துக் கோப்பை வைக்கிறம்.

பிறகு வெளியிலை வைச்சுக் கீறினன். சீன் கீறுறாக்களுக்கு ஒரு பழக்கம் அக்கா, ரெண்டு இழுவை இழுத்தால் பின்பக்கமா நடந்து போய்ப் பாக்கிறது. கடைசியிலை மணலுக்கை இருந்து நாடகம் பாக்கிறவைக்கும் தெரியவேணுமெல்லே. கையகலப் படத்துக்கும் கால் தன்ரை பாட்டிலை போகுது. போய், வாய்க்காலுக்கை மல்லாக்க விழுந்தன். வயலுக்கை நிண்டவை சிரிச்ச சிரிப்பு!

அதுக்குப் பிறகுதான் குசினியிலை, சுவரோடை முதுகை ஒட்டிக்கொண்டு இருந்து கீறினது. இனி எங்கை பின்னுக்குப் போறது? அம்மா பக்கத்திலை வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவா. அவாவின்ரை பெருவிரலிலை ஒரு தழும்பு கிடக்கு அக்கா, இவ்வளவு காலமும் நான் காணேல்லை! அந்தக் கையைத்தான் கீறி அனுப்பினன்.

ஐயாவோ? பாத்திட்டு, இதைப் பாக்க எறும்புதான் ரிக்கற் எடுத்து வரவேணும் எண்டார். இடம் கிடைச்சிட்டுது எண்டவுடனை, அப்ப மேல் பாதி ஆர் கீறுறது, நான் ஓமெண்டு சொல்லமாட்டன் எண்டார். அதோடை என்னோடை கதைக்கிறது நிண்டுபோச்சு. எல்லாம் அம்மாவுக்கூடாகத்தான். உன்ரை மகளைச் சாப்பிடச் சொல்லு. உன்ரை மகளைக் குடையைக் கொண்டு போகச் சொல்லு. அவர் ஓமெண்டு சொல்லாமல் நான் பஸ் ஏறுறேல்லை எண்டுதான் இருந்தனான். நேற்றுவரைக்கும் பெட்டி அடுக்கேல்லை.

இல்லையக்கா, இண்டைக்கும் வாயாலை ஒண்டும் சொல்லேல்லை.

காலைக் கொஞ்சம் பாத்து வையுங்கோ, அந்தச் சாக்கிலை முட்டவேண்டாம். உள்ளுக்கு இன்னும் வடிவாக் காயேல்லை. நெல்லோ! நெல்லில்லை. இந்தமுறைத் திருவிழாவிலை ராசா காட்டுக்குள்ளை இருந்துதான் அரசாளவேணும். விடிய எழும்பிக் குசினிக்கை போய்ப் பாக்கிறன், ஐயா அரண்மனைச் சீனைக் கழட்டி, கொப்பி அளவுக்குத் துண்டு துண்டா வெட்டி, சட்டத்திலை இழுத்து ஆணி அடிச்சு, மேலை படம் கீற வெள்ளை பூசி, அடுப்படியிலை வரிசையாக் காயவைச்சுக்கொண்டு இருந்தார்.